இரண்டு பல் முளைத்த குட்டி

ஏழு வயதுப் பெண் பிள்ளையை மாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். நடந்த தப்பு அதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லில் காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தோரு வருடமாக டோக்கன் போடுகிறேன். இந்த வேலையில் வியாதியைவிட அதற்கு ஊரார் வைத்திருக்கும் பேர்தான் தொல்லை. காதும் மூக்கும் பரவாயில்லை. தொண்டைக்குத்தான் ஆளுக்கொரு பேர். எந்த ஊரிலாவது டோக்கன் மேசையில் உட்கார்ந்து தொண்டை வறண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கு

சீட்டில் பேர், வயசு, என்ன தொந்தரவு என்று எழுத வேண்டும். அகரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி சங்கு வலிக்கிறது என்றார். ‘சங்கு வலி’ என்றே எழுதினேன். வந்தவர் சொல்வதை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

டாக்டரம்மா அப்போது புதிது. சென்னையில் படித்தவர். சீட்டைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாகச் சங்கு ஊதுகிறீர்கள், மூச்சை அடக்கி ஊதுவீர்களா என்று அக்கறையாக விசாரித்திருக்கிறார். எங்கள் பக்கம் சங்கு ஊதுவது எந்த வீட்டில் என்று அவருக்குத் தெரியாது. வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தலையை நிமிர்த்திக் குரல்வளையைத் தொட்டுக் காட்டினாராம்.

“ஊதுற சங்கு இல்ல தாயி. கோவம் வந்தா கடிச்சுத் துப்பிருவேங்கிறோமே, அந்தச் சங்கு.”

உப்பும் மிளகும்

பேகம்பூர் பக்கத்துப் பிரியாணி மாஸ்டர் ஒருவர் உள்நாக்கு விழுந்துவிட்டது என்று வந்தார். உள்நாக்கு எங்கும் விழாது. தொண்டை வாசலில் தொங்குகிற சின்னச் சதை அது. வீங்கினால் நாக்கைத் தொடும், எச்சில் விழுங்க விடாது. உடனே விழுந்துவிட்டது என்பார்கள்.

விழுந்ததைத் தூக்க வீட்டில் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கட்டைவிரலில் உப்பும் மிளகுத்தூளும் தொட்டு உள்ளே விட்டு மேலே தள்ளுவது. இரண்டு நாளில் ஆறு தடவை. தொண்டை முழுக்கப் புண். டாக்டரம்மா ஏசித் தீர்த்தார். மாஸ்டர் வெளியே வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு, இருந்த குரலில் சொன்னார்.

“அம்புட்டு உப்பு, அம்புட்டு மிளகு, அண்ணே. கறியா இருந்தா இந்நேரம் வெந்திருக்கும்.”

போர்டில் இல்லாதது

ஒருவர் கூடையோடு வந்தார். தொண்டை வீக்கம் என்றார். டோக்கன் கொடுத்தேன். உள்ளே போய்த் துண்டை விலக்கினால் சேவல். கோழிக்குக் கழுத்தடியில் தீனிப்பை உண்டு. தின்றது அங்கே தங்கி ஊறித்தான் கீழே இறங்கும். அது இறங்காமல் கல்லாகக் கிடந்திருக்கிறது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

மாட்டு ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருக்கும் சகாயமேரி எனக்குத் தெரிந்தவர். அவரிடம் அனுப்பினேன். எண்ணெய் ஊற்றிப் பிசைந்து அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டார். அன்றிலிருந்து ஆடு, மாடு, கோழி என்று யார் வந்தாலும், யார் போன் செய்தாலும் சகாயமேரி பக்கம் தள்ளிவிடுவேன். யோசிப்பதே இல்லை. ஆனால் சேவல்காரர் சும்மா போகவில்லை. வாசலில் நின்று போர்டை ஒருமுறை நிறுத்தி வாசித்தார்.

“தொண்டைன்னுதானே போட்டிருக்கு. யாரு தொண்டைன்னு போடலையே.”

அலைதாடி

மாட்டுக்குக் கழுத்தடியில் தொங்குகிற தோலுக்கு அலைதாடி என்று பேர். ஒரு அம்மா வீட்டுக்காரரைக் கூட்டி வந்து, இவருக்கு அலைதாடி விழுந்திருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பார்த்தால் கழலை. அந்த மனுசன் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“கட்டின நாள்லருந்து மாடா உழைக்கிறேன். இவளுக்கு இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சிருக்கு.”

குட்டி

இனி அந்தத் தப்பு. ஒரு திங்கட்கிழமை காலை. டாக்டரம்மா உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், பாதிப் பேர் என் மேசையைச் சுற்றி. போன் அடித்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர், பக்கத்துக் கிராமம். அவர் ஊர் மருந்துக்கடைக்காரர் இது தொண்டை அடைப்பான் மாதிரி இருக்கிறது, திண்டுக்கல் போ என்று எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

“தொண்டை அடைப்பானுங்க. குட்டிக்கு.”

தொண்டை அடைப்பான் என்று தமிழில் இரண்டு வியாதி இருக்கிறது. ஒன்று ஆடு மாடுகளுக்கு மழைக்காலத்தில் வருவது. இன்னொன்று பிள்ளைகளுக்கு வருவது, டாக்டர்கள் டிப்தீரியா என்பார்கள். தடுப்பூசி அட்டையில் அதற்கும் இதே பேர்தான். இப்போதெல்லாம் அபூர்வம் என்பதால் எனக்கு ஆட்டு வியாதிதான் முதலில் ஞாபகம் வந்தது. போதாததற்குக் குட்டி என்று வேறு சொல்லிவிட்டார்.

இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டேன். தீனி எடுக்கிறதா என்றேன். இரண்டு நாளாக ஒன்றும் எடுக்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை என்றார். கத்துகிறதா என்றேன். குரல் கம்மிவிட்டது, கழுத்தெல்லாம் வீங்கிவிட்டது என்றார். ஆட்டுக்குப் பல்லை வைத்துத்தான் வயசு. பல் போட்டாச்சா என்றேன். இந்தக் கேள்வியிலாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பயத்தில் இருந்த மனுசன், ஆஸ்பத்திரியில் எதற்கோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“ரெண்டு விழுந்து முளைச்சிருக்குங்க.”

சகாயமேரியின் போன்

இரண்டு பல் ஆடு என்று முடிவு செய்தேன். இடத்துக்கு வழி சொல்லி, சகாயமேரி என்று ஒருத்தர் இருப்பார், நான் அனுப்பினதாகச் சொல்லுங்கள், ஊசி போட்டுவிடுவார் என்று சொல்லி போனை வைத்தேன். மாட்டு ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. ஆட்டுக்காரருக்கு அதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். பேரும் கேட்கவில்லை. ஆட்டுக்கு என்ன பேர்?

ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி போன். ஆட்டோ சத்தத்துக்கு நடுவே சகாயமேரி பேசினார். ஏசவில்லை. அவசரமாகவும் பேசவில்லை.

“அண்ணே, நீங்க அனுப்புன குட்டி வந்திருச்சு. ரெட்டைச் சடை போட்டிருக்கு.”

டாக்டரம்மா கேட்டது

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தகப்பன் மாடுகளுக்கு நடுவே வந்து நின்றதைப் பார்த்ததும், சகாயமேரி மாட்டின் வாய்க்கு அடிக்கிற டார்ச்சைப் பிள்ளையின் வாய்க்கு அடித்திருக்கிறார். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவர் எதையும் தொடவில்லை. இது என் கைக்குள் அடங்காது என்று பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. நாங்கள் முன்னாலேயே சொல்லி வைத்தால் வாசலில் நேரம் போகாது என்பதற்குத்தான் எனக்குப் போன்.

நான் உள்ளே போய் நடந்ததை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசினார். வாசலிலேயே ஆள் நின்று பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். அதற்குரிய மருந்து ஏறிற்று. இன்னும் செத்த நேரம் போயிருந்தால் மூச்சுக் குழாய் அடைத்திருக்கும் என்றார்களாம். மறுநாள் மதியம் பிழைத்துவிடும் என்று சேதி வந்தது. அதுவரை நான் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது டாக்டரம்மா டோக்கன் நோட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“பேர் கேட்டிருந்தா போதுமே, ஐயா?”

நாற்பதாவது ஆள்

இரண்டு மாதம் கழித்துத் தகப்பனும் மகளும் குரலைக் காட்டிப்போக வந்தார்கள். பேர் கேட்டேன். நிவேதா. வீட்டில் குட்டி. எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் காத்திருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏனுங்க, அன்னைக்கு இங்கயே வரச் சொல்லியிருந்தா டோக்கன் குடுத்து நாப்பதாவது ஆளா உக்கார வெச்சிருப்பீங்க. அந்தக்கா மாட்டை நிறுத்திப்போட்டுப் பார்த்தாங்க.”

உட்கார வைத்திருப்பேன்தான். இப்போது யாருக்கு டோக்கன் போடுவதானாலும் முதலில் எழுந்து போய் வரிசையில் ஒவ்வொரு கழுத்தையும் பார்த்துவிட்டு வருகிறேன். காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து நான் செய்த தப்பைத் தொண்டையைப் பார்த்துச் சரி செய்தவர் மாட்டு ஆஸ்பத்திரி சகாயமேரி.