துரை வீட்டுக் கோச்சியும் என் தொப்பியும்

எழுபதுகளின் பிற்பகுதியில், தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டிப் போன பிறகு, பதுளையில் நடந்த சம்பவம் இது. டவுனிலிருந்து பசறைக்குப் போகிற பாதையோரத்து மைதானம் ஒன்றில் ஒரு முதலாளி கார்னிவல் நடத்திக்கொண்டிருந்தார். ராட்டினம், மரணக்கிணறு, வளையம் எறிகிற கடை எல்லாம் இருந்தன. ஆனால் சனம் வந்தது கோச்சியைப் பார்க்கத்தான். மலைநாட்டில் ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். சாவி கொடுத்து ஓட்டுகிற விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். விறகு போட்டு, தண்ணீர் கொதித்து, நிஜமான நீராவியில் ஓடுகிற கோச்சி. எஞ்சின் என் இடுப்பு உயரம் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கோச்சிக்கு நான்தான் கார்ட். நான்தான் ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கட் பார்ப்பவன், கூவிக் கூவி ஆள் சேர்ப்பவன். உத்தியோகம் நாலு, சம்பளம் ஒன்று. படிப்பு ஏறவில்லை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடிக்கக் கை வரவில்லை, வாய் மட்டும் வேளை தவறாமல் வேலை செய்தது. அதைப் பார்த்துத்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

கோச்சிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த துரை, தன் பிள்ளைகள் விளையாடுவதற்காக அதைச் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரவழைத்தாராம். பங்களாப் புல்தரையைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைவராகப் போட்டாராம். பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போனதும் கோச்சி மோட்டார் கொட்டிலுக்குள் படுத்துவிட்டது. பிறகு துரையும் போனார். பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்ததை எங்கள் முதலாளி வாங்கினார். கோச்சியோடு அந்த டிரைவரையும் அழைத்து வந்துவிட்டார். டிரைவர் அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன்.

காலையில் வந்து சவுக்கு விறகை அடுக்கித் தீ மூட்டினால், அழுத்தம் காட்டும் முள் ஏறி ஸ்டீம் பிடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிடும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெரிகிறதா என்று அண்ணன் நிமிடத்துக்கு ஒரு தரம் பார்ப்பார். பொழுது சாய்வதற்குள் நெருப்பை இழுத்துக் கொட்டி எஞ்சினை ஆறவிட வேண்டும். ஒரு டிக்கட்டுக்கு மைதானத்தை ஒரு சுற்று. தகரத்தால் செய்த குகைக்குள் நுழைந்து, பின்பக்க மேட்டில் மூச்சு வாங்கி ஏறி, அந்தப் பக்கச் சரிவில் கூவிக்கொண்டு இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டும். முட்டட்டும் என்று எல்லாரும் ஏறினார்கள்.

சும்மா டிக்கட் கிழித்துக் கொடுத்தால் நான் நானா? பழைய உடுப்புக் கடையில் ஒரு காக்கிக் கோட்டும் கறுப்புத் தொப்பியும் வாங்கினேன். கோட்டு இரண்டு பேருக்குக் காணும், தொப்பி காதில்தான் நின்றது. அதை மாட்டிக்கொண்டு நான் போட்ட கூத்துக்குப் பெயர் 'கஸ்டம்ஸ் ஆபீசர்'.

அந்தக் காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இரண்டு பேர் சந்தித்தால் "சாப்டாச்சா" என்று கேட்பதற்கு முன்னால் "வந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். எந்த நாடு என்று சொல்கிற பிரஜாவுரிமைக் கடிதத்தைத்தான். இந்தியாவும் இலங்கையும் பேசி எங்கள் சனத்தைப் பங்கு பிரித்த காலம் அது. சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு இன்னொரு நாடும் விழும். இந்தியா என்று வந்தவர்கள் தலைமன்னார் வரை கோச்சியில் போய், அங்கே கப்பல் ஏறி, அக்கரையில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போக வேண்டும். அவர்களை ஏற்றிக்கொண்டு கோச்சி நகரும்போது பதுளை ஸ்டேஷனில் எழும் அழுகையை நானே கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வந்துதான் இந்தக் கூத்தைக் கட்டினேன்.

பெட்டி பெட்டியாகப் போய் "பாஸ்போட்! பாஸ்போட்!" என்று அதட்டுவேன். ஒருவரிடம் மூக்கு நீளம் கேட்பேன். இன்னொருவரிடம் "கருவாடு எத்தனை கொண்டு போறீர்?" என்பேன். டவுன் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தோட்டத்து இளவட்டங்களும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டிருந்தது. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு சிரிப்பாக இருந்தது என்பதெல்லாம் பிற்பாடு புத்தியில் பட்ட விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். பார்த்தாலே அக்கா தங்கை என்று தெரியும். மூத்தவருக்கு முப்பத்தைந்து இருக்கலாம். இருவரும் பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். ஏறாமல் எஞ்சின் முன்னாலேயே நின்றார்கள்.

"அதே பச்ச, பாத்தியா?" என்று மூத்தவர் கையை நீட்டினார்.

"சுடும்மா, தொடாதீங்க" என்றார் டிரைவர் அண்ணன். இருவரும் சின்னப் பிள்ளைகள் போல வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போய் நடுப்பெட்டியில் ஒரே பலகையில் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனேன். "பாஸ்போட்! எந்த நாடு? சொல்லுங்க!"

மூத்தவர் சட்டென்று எழுந்து நின்றார். சின்னப் பெட்டி ஆடியது. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, "எனக்கு இந்தியாங்க. இவளுக்குச் சிலோனுங்க" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இத்தனை நாளில் எனக்குச் சமமாகக் கூத்தாட ஒரு ஆள் அன்றைக்குத்தான் கிடைத்ததாக நினைத்தேன். என்ன முகபாவம்! என்ன பணிவு! விடுவேனா?

"அப்பிடியா! ஒரு வயித்துல பொறந்துட்டு ரெண்டு ராஜ்ஜியமா? சட்டம் ஒத்துக்காதே! இந்தியா முன்பெட்டி, சிலோன் பின்பெட்டி. ம், நடங்க நடங்க!"

தங்கை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். "வெளையாட்டுக்குச் சொல்றாருக்கா, ஒக்காரு."

"சும்மா இரு. தொரை சொல்றாருல்ல."

மூத்தவர் இறங்கிப் போய் முன்பெட்டியில் தனியாக உட்கார்ந்தார். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்பெட்டிக்கு வந்தார். நான் கூட்டத்துக்கு ஒரு சல்யூட் வைத்து விசில் ஊதினேன்.

பின்பெட்டிப் படியில்தான் நான் தொற்றிக்கொண்டு போவது வழக்கம். ஒவ்வொரு வளைவிலும் முன்பெட்டியில் மூத்தவரின் தலை திரும்பியதைப் பார்த்தேன். நடுவில் வேறு ஆட்களின் தலைகள் மறைத்தன. என் பக்கத்தில் தங்கை எட்டி எட்டிப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிரிக்கிற கட்டத்தை இன்னும் எப்படி நீட்டலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கோச்சி வந்து நின்றது. டிரைவர் அண்ணன் நெருப்பை இழுத்துக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். தங்கை நேரே என்னிடம் வந்தார்.

"நல்லா இருந்துச்சா ஆபீசரு? சனம் நல்லா சிரிச்சிச்சா?"

நான் பல்லைக் காட்டினேன். புகழ்கிறார் என்றே நினைத்தேன். அவ்வளவு தூரம் என் தலைக்குள் தொப்பி இறங்கியிருந்தது.

"இந்தக் கோச்சி எங்க தோட்டத்துத் தொரை கோச்சி. சின்னதுல நானும் அக்காவும் பங்களா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாப்போம். காவக்காரன் வெரட்டுவான். ஒரு நாளைக்கி ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து போவோம்டின்னு அக்கா அப்பப் புடிச்சு சொல்லிக்கிட்டே இருக்கும். வர்ற வெள்ளிக்கெழம அக்கா தலைமன்னாருக்கு ஏறுது. அது வேற கோச்சி. அதுல நான் ஏற முடியாது. அதுக்குத்தான் இன்னைக்கி வந்தோம். நீங்க பிரிச்சு ஒக்கார வச்சுட்டீங்க."

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஓடிப்போய் அண்ணன் முன்னால் நின்றேன்.

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு ரவுண்டு."

"நெருப்ப எறக்கியாச்சு. இனி மூட்டி ஸ்டீம் ஏத்துறதுக்குள்ள இவங்களோட கடைசி பஸ் பசறையத் தாண்டிரும்." கையைத் துடைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாயால விட்ட ஸ்டீமுல பாதிய இதுல விட்டிருந்தா ஓடும்."

பிறகு குனிந்து கடைசிப் பெட்டியின் இணைப்புக் கொளுவியைக் கழற்றி, என்னோடு சேர்ந்து தூக்கி, எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் வைத்தார். "தள்ளு" என்றார்.

தொப்பியையும் கோட்டையும் கழற்றி எறிந்தேன். மூத்தவர் "வேணாங்க தொரை" என்று தயங்கினார். தங்கை கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரே பலகை. நான் பின்னால் நின்று தள்ளினேன். கலைந்துகொண்டிருந்த கூட்டம் மறுபடி கூடிவிட்டது.

"டேய், எஞ்சின மாத்திட்டாங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

"கூ போடச் சொல்லு!" என்றான் இன்னொருவன்.

யாராவது இளித்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிறவன், அன்று தலையைக் குனிந்துகொண்டு தள்ளினேன். குகை வரைக்கும் சமதரை. அதைத் தாண்டியதும் மேடு. பாதி மேட்டில் பெட்டி நின்றுவிட்டது. நான் தள்ளத் தள்ள என் செருப்புத்தான் பின்னால் போனது. இழுத்துப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நாக்குத் தள்ளி நிற்கிறபோது, இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

"ஒதுங்குங்க தம்பி" என்றார் மூத்தவர். தொப்பி போனதும் நான் தம்பியாகிவிட்டேன். "கொழுந்துக் கூடையோட மல ஏறுன ஒடம்பு இது. இந்த மேடெல்லாம் ஒரு மேடா?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் தோள் கொடுத்தார்கள். "ஆபீசருக்கு மூச்சு நிக்கப் போவுதுக்கா, மெதுவா!" என்று தங்கை சொல்ல, இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பெட்டி ஏறியது. சவாரி செய்ய வந்தவர்களையே தள்ள வைத்த ஒரே கார்ட் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மேட்டு உச்சியில் அவர்களை உட்கார வைத்தேன். சரிவில் பெட்டி தானாகவே உருண்டது. எஞ்சின் இல்லாத பெட்டிக்கு பிரேக் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பின்கம்பியைப் பிடித்துத் தொங்கி, ஒற்றைச் செருப்போடு இழுபட்டுக்கொண்டு ஓடினேன். முன்னால் இரண்டு தலைகளும் ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன. காற்றில் இரண்டு சேலைத் தலைப்பும் என் முகத்தில் அடித்தன. கீழே அண்ணன் விறகுக்கட்டையைத் தண்டவாளத்தில் போட்டு நிறுத்தினார். அவ்வளவுதான் அந்தச் சவாரி. சரிவு முடிகிற வரைக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தங்கை முன்னால் நடந்துவிட்டார். மூத்தவர் மட்டும் இரண்டு எட்டு வைத்துத் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. அங்க மண்டபத்துலயும் இப்பிடித்தான் கேப்பாங்களா? நான் எந்திரிச்சு நின்னு சொன்னது சரிதானே? தப்பா ஒண்ணும் சொல்லலியே?"

அவர் கூத்தாடவில்லை. என்னை நம்பியிருக்கிறார். தொப்பி போட்ட ஒருவன் அதட்டிக் கேட்டதும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நடக்கப்போவதை அப்போதே பார்த்துவிட்டு, பயந்து எழுந்து நின்றிருக்கிறார். அந்தப் பயத்துக்குத்தான் ஊர் சிரித்தது. சிரிக்க வைத்தவன் நான்.

"சரிதான்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்த் தங்கையோடு சேர்ந்துகொண்டார். மன்னிப்பை நான் கேட்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் "கஸ்டம்ஸ் எங்கே?" என்று கேட்டது. "மாற்றலாகிப் போயிட்டார்" என்றேன். அந்தத் தொப்பியை டிரைவர் அண்ணன் கரி அள்ள எடுத்துக்கொண்டார். நல்ல உபயோகம்.

இப்போது என் தலை வழுக்கை. வெயில் நேரே மூளைக்கு இறங்குகிறது என்று வீட்டுக்காரி வருஷத்துக்கு ஒரு தொப்பி வாங்கித் தருகிறாள். நான் அதை மாட்டுவதே இல்லை. பகிடியும் கிண்டலும் பேசுவதை இன்னும் விடவில்லை, அது என்னோடுதான் போகும். ஆனால் என் பேச்சைக் கேட்டு எதிரில் யாராவது எழுந்து நின்றால் போதும், சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு அந்த அக்கா பெட்டிக்குள் நிற்பது தெரிகிறது. அன்று சொல்லாமல் விட்ட "உக்காருங்கக்கா" என்பதை அவர்களிடமாவது சொல்லிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறேன்.