மீன் பாசாரில் ஜாஸ் விழா

1. பாடாங்கைக் காணோம்

விழா நாளன்று காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது பாடாங்கே இல்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. புல் வெட்டி, மேடைக்குக் குச்சி நட்டு வைத்திருந்த திடலைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகர வேலி நின்றது. இரண்டு தகரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேடை வரவேண்டிய இடத்தில் பெரிய பள்ளம். அதில் மஞ்சள் தண்ணீர். ஓரத்தில் மண்வாரி இயந்திரம் ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டு நின்றது. பாடாங் எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால், ரப்பர் தோட்டத்துப் பழைய புகைவீட்டையும் தாண்டி இருந்தது. அதனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போன எங்கள் யார் கண்ணிலும் இது படவில்லை.

பின்னால் எங்கள் தொண்டர் லெட்சுமணனின் லோரி வந்து நின்றது. மேடைப் பலகை, ஸ்பீக்கர், நாற்காலி எல்லாம் அதில்தான். அவன் இறங்கி வந்து வேலியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா, வழி மாறி வந்துட்டோமா?”

நான் தகரத்தைத் தட்டினேன்.

வேலிக்கு உள்ளேயிருந்து மலாய்க்காரக் காவலாளி ஒருவர் வந்தார். இன்று இங்கே விழா, தெரியாதா என்று மலாயில் கேட்டேன். அவர் என்னைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டார். நிலத்தை வாங்கிய கம்பெனி இந்தச் செய்தியை எப்போதோ சொல்லிவிட்டதாம். “உங்கள் தலைவரிடமே, கெத்துவாவிடமே சொன்னார்கள், அக்கா. நானும் பக்கத்தில் இருந்தேன். உயரமாக இருப்பாரே, வெள்ளை மீசை, நிமிர்ந்து நிற்பாரே, அவர்தான்” என்றார்.

எங்கள் தாமானில் அப்படி நிமிர்ந்து நிற்கும் ஆள் ஒருவர்தான். சார்ஜன் கோபால். எங்கள் விழாக் குழுவின் தலைவர்.

2. சார்ஜனும் நாங்களும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டுரியான் துங்கால் பக்கம் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் மலாக்காவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். சார்ஜன் போலீஸ் பேண்டில் சாக்ஸபோன் வாசித்து ரிட்டையர் ஆனவர். தாமானில் ஜாஸ் விழா நடத்த வேண்டும் என்று அவர் முதலில் சொன்னபோது கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “ஜாஸ்னா என்னா சார்ஜன், டான்ஸா?” என்று கேட்டார்.

சார்ஜன் கோபப்படவில்லை. “எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுல ஆரம்பிப்போம்மா. அப்பறம் ஆளுக்கு ஒரு பக்கம் போவோம். திரும்ப வந்து ஒண்ணா சேந்துக்குவோம்” என்றார். அதோடு நிற்காமல் சாக்ஸபோனை எடுத்து ஒரு தாலாட்டை ஊதி, அதை எங்கெங்கோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கேள்வி கேட்ட அம்மாதான் முதலில் பெயர் கொடுத்தார்.

அப்படித்தான் சங்கம் தொடங்கியது. யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் செயலாளர், லெட்சுமணன் மேடைக்கும் போக்குவரத்துக்கும் பொறுப்பு. தொழிற்சாலைப் பழக்கத்தில் முதல் வாரமே தாமதமாக வந்த ஒருவரை அதட்டினேன். அவர் கையிலிருந்த துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். லைனில் என்னை எதிர்த்து ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. சார்ஜன்தான் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தார். அவர் சொன்னால் யாரும் வருவார்கள். அவர்மேல் எங்களுக்கு இருந்தது அவ்வளவு நம்பிக்கை.

இந்த விழா எங்களுக்கு மூன்றாவது. கோலாலம்பூரிலிருந்து பெரிய பேண்டு வருவதாக ஏற்பாடு.

3. “வேற என்னா மறைச்சிருக்கீங்க?”

சார்ஜன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் தொண்டர்கள் பலர் கூடிவிட்டார்கள். சிலர் கையில் பசியாற வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது.

“ஒங்களுக்குத் தெரியுமா சார்ஜன்?” லெட்சுமணன் கேட்டான்.

“தெரியும்.”

“நாங்க புல்லு வெட்டுனமே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும்பா.”

“நீங்களும் எங்ககூட சேந்து வெட்டுனீங்களே!”

சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கம்பெனி ஆபிசுக்கு அவர் பலமுறை நடந்திருக்கிறார். விழா முடியும்வரை மண்ணைத் தொடமாட்டோம் என்று மேனேஜர் வாய்வார்த்தையாகச் சொன்னாராம். பிறகு அந்த மேனேஜர் மாறிவிட்டார். புதியவர் இவரை உள்ளேயே விடவில்லை. ஆனாலும் கடைசி நேரத்தில் எப்படியும் இறங்கி வருவார்கள் என்று இவர் நம்பியிருக்கிறார்.

“சொன்னா எல்லாரும் மனசு ஒடஞ்சி விட்டுட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேன்” என்றார்.

யாரிடமும் எதற்கும் பல்லைக் காட்டாத மனிதர். அவர் யாரோ ஒருவரின் ஆபிஸ் வாசலில் காத்துக்கிடந்ததை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. லைனில் ஒரு மெஷின் நின்றால் அடுத்து எது நிற்கப்போகிறது என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“சார்ஜன், எல்லாத்தையும் இப்பவே சொல்லிருங்க. வேற என்னா மறைச்சிருக்கீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “கேஎல் பேண்டு வராது.”

“ஏன்?”

“எடம் நிச்சயமில்லன்னு அவங்ககிட்ட சொன்னேன். அவங்க வேற புரோகிராம் ஒத்துக்கிட்டாங்க.”

பாடாங் போனதுகூட எங்களை இப்படி அடிக்கவில்லை. எங்கோ இருக்கும் ஆட்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்று புல் வெட்டிய எங்களிடம் சொல்லவில்லை.

லெட்சுமணன் லோரியில் ஏறி எஞ்சினை முடுக்கினான். அவன் போனால் ஸ்பீக்கரும் போகும், அவனைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, கோவம் எனக்கும் இருக்கு. ஆனா சாயங்காலம் ஜனங்க வருவாங்கள்ல. அவங்க என்னா பாவம் செஞ்சாங்க?”

“எங்க வெக்கிறது அக்கா? நடுரோட்டுலயா?”

“பாசார்ல கேட்டுப் பாப்போம்.”

அந்த நிமிடம் வரைக்கும் எங்கள் மீன் சந்தையான பாசார் என்ற நினைப்பே என் மண்டையில் இருந்ததில்லை. எப்படி வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது. லெட்சுமணன் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, “ஏறுங்க” என்றான்.

4. மீன் மேசைகள்

பாசாருக்குப் பொறுப்பாளர் என்சே ஜைனல். நாங்கள் சொன்னதைக் கேட்டு வாயைப் பிளந்தார். “மீன் விற்கிற இடத்தில் ஜாஸா?” என்று மூன்று தடவை கேட்டிருப்பார். கடைசியில், வியாபாரம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மறுநாள் மீன் வரும்போது இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

மத்தியானம் முழுக்கக் கழுவினோம். மீன் விற்ற சீனப் பெண்கள் இருவர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, வீட்டுக்குப் போகாமல் ரப்பர் குழாயோடு சேர்ந்துகொண்டார்கள். என்ன கழுவியும் வாடை போகவில்லை. ஸ்பீக்கர் வைத்து சவுண்ட் செக் செய்தபோது சத்தம் தகரக் கூரையில் மோதி இரண்டாகத் திரும்பி வந்தது. லெட்சுமணன் வீடு வீடாகப் போய்ச் சாக்கும் பழைய திரைச்சேலையும் வாங்கி வந்து எதிரொலி அடங்கத் தொங்கவிட்டான். சார்ஜனோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சார்ஜனும் ஒரு மூலையில் கால்சட்டையை மடித்துவிட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாசிக்க ஆள் வேண்டுமே. தங்கா பத்துவில் இருந்த எங்கள் நண்பர் ஹென்றிக்குப் போன் போட்டேன். டிரம்பெட் வாசிப்பவர். பியானோ, டிரம்ஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருகிறேன், ஆனால் சாக்ஸபோன் இல்லாமல் முடியாது என்றார். சார்ஜனிடம் போய்ச் சொன்னேன்.

“வேணாம் விஜயா. இன்னைக்கி மேடையில நிக்க எனக்கு மூஞ்சி இல்ல.”

“அதெல்லாம் நாளைக்கிப் பேசிக்கலாம் சார்ஜன். இப்ப ஆளு இல்ல.”

சாயங்காலம் ஜனங்கள் வந்தார்கள். பாடாங்குக்குப் போய் வேலியைப் பார்த்துவிட்டு, குழம்பி, கேட்டுக் கேட்டு நடந்து வந்தார்கள். நாற்காலி போதாமல் மீன் வெட்டும் சிமெண்டு மேசைகளில் அட்டையைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

சார்ஜன் மேடையேறி, வாசிப்பதற்கு முன் மைக்கைப் பிடித்தார். நாங்கள் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாடாங் கைவிட்டுப் போனதும் பெரிய பேண்டு வராததும் தனக்கு முன்பே தெரியும் என்றார். “என்னோட ஆளுங்களுக்கு நான் சொல்லல. அவங்க யாருக்கும் இதுல பங்கு இல்ல. தப்பு என்னோடது” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாராவது கத்துவார்கள், கல் வரும் என்றே நினைத்தேன்.

பின்வரிசை மேசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “சரிலா சார்ஜன், அதான் சொல்லிட்டீங்கள்ல. ஊதுங்க!”

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். சார்ஜன் ஊதினார். முதல் பாட்டில் மூச்சு அங்கங்கே தடுக்கியது. ஹென்றியின் டிரம்பெட் கூட நின்று தாங்கிப் பிடித்தது. பிறகு அவர் வாசித்ததை எழுத எனக்குச் சங்கீத அறிவு இல்லை. மேடைக்குப் பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற லெட்சுமணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான் என்பதை மட்டும் பார்த்தேன்.

5. அடுத்த கூட்டம்

அடுத்த கூட்டத்தில் சார்ஜன் தலைவர் பதவியை விட்டார். நாங்கள் தடுக்கவில்லை. அப்படித் தடுக்காததில் எங்களுக்கே ஒரு வலி இருந்தது. அவர் சங்கத்தை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். லெட்சுமணன் அவரிடம் மறுபடி பேச வெகுநாள் ஆனது.

தலைவர் பதவி என் தலையில் விழுந்தது. அடுத்த விழாவும் பாசாரில்தான் என்று ஏற்பாடெல்லாம் பாதி முடிந்திருந்த நேரத்தில் என்சே ஜைனல் என்னைக் கூப்பிட்டு, பாசார் கூரையை மாற்றப்போகிறார்கள், இந்த வருடம் தர முடியாது என்றார். வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு இடம் கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாமே, இப்போதே ஏன் பயமுறுத்த வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் நடுவழியில் நின்றுவிட்டேன். சார்ஜனுக்கும் இப்படித்தானே தோன்றியிருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே ஒரு மனிதன் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

பொதுவேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சம்பளத்துக்கு வருகிறவனுக்குப் பாதி விஷயத்தைச் சொன்னாலும் மாதக் கடைசியில் கணக்கு நேராகிவிடும். சும்மா வந்து உழைக்கிறவனுக்கு நாம் கொடுக்க முடிந்தது உள்ள நிலவரம் மட்டுமே. அதையும் மறைத்துவிட்டால் அவன் கையில் எதுவுமில்லை.

அந்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டேன். வணக்கம் சொன்ன கையோடு, “பாசார் கெடைக்காது. வேற எடம் இன்னும் எங்கிட்ட இல்ல” என்று சொல்லிவிட்டேன். நாற்காலிகள் நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒரு நாற்காலிதான் நகர்ந்தது. லெட்சுமணன் அதை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சரிக்கா. அப்ப எங்க வெக்கலாம்?”