தண்ணி லோரி

எங்கள் வீட்டு கேட்டின் பூட்டில் சாவியை நுழைத்தால் போதும், எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். அதுவரைக்கும் ஒன்றும் இருக்காது. காலையில் எங்கள் ஊர் செர்டாங்கில் கம்பெனி பஸ் ஏறி, கூலிம் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று, திரும்பி வந்து இறங்கும்வரை சமர்த்தாக இருக்கும் உடம்பு, சாவிச் சத்தம் கேட்டதும் பேயாட்டம் ஆடும். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுவேன். இதை ஒரு வியாதி என்று நான் நினைத்ததே இல்லை. பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

ஏன் பெருமை என்று கேட்பீர்கள். எங்கள் பிரிவில் தூசி ஆகாது, தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடுப்போடுதான் உள்ளே போகவேண்டும். டாய்லெட்டுக்குப் போவதென்றால் அத்தனையையும் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு வரவேண்டும். அதுவரை பக்கத்து மெஷின்காரி நம் வேலையையும் சேர்த்துப் பார்ப்பாள். போகாதே என்று யாரும் சொன்னதில்லை, வீண்பழி போடக்கூடாது. சூப்பர்வைசர்கூடச் சொன்னதில்லை. ஆனால் அடிக்கடி போகிறவளுக்குத் 'தண்ணி லோரி' என்று பேர். வைத்தது எங்களில் மூத்த அக்கா, சரியான வாய்க்காரி. அவள் என் முதுகில் தட்டி, "இவளப் பாருங்கடி, ஒட்டகம்!" என்றால், அன்றைக்கெல்லாம் நான் மிதப்பாகத் திரிவேன். ஒட்டகம் என்பது எனக்குப் பாராட்டாம்! அப்போது என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

சின்ன வயதிலேயே போய்விட்டது என்றுதான் சொல்லவேண்டும். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த காலத்தில், எங்கேயாவது கிளம்பும் நாளில் அம்மா செம்பைப் பிடுங்கி வைத்துவிடுவார். "தண்ணி குடிக்காத. வழியில எங்கடி போவ?" வயசுப் பெண் டாய்லெட் எங்கே என்று கேட்பது மானக்கேடு. கல்யாண வீட்டிலும் மாதா கோயில் பூசையிலும் நாங்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கு அடக்கமான பிள்ளை என்று பேர் வேறு.

போன வருடம் குளிர்காய்ச்சல் வந்து விழுந்தேன். இடுப்புக்கு மேலே, முதுகில், ஆணி அடித்த மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். மூத்திரப் பையில் இருந்த கிருமி கிட்னிவரை ஏறியிருந்தது. டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரர், நல்ல பொறுமைசாலி. இப்படியே திரும்பத் திரும்ப வந்தால் கிட்னி தாங்காது என்றார். "தண்ணீர் குடியுங்கள், வரும்போது போங்கள். இதில் என்ன கஷ்டம்?" என்று மலாயில் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

என்ன கஷ்டமா? குடித்துப் பார்த்தவளுக்குத்தானே தெரியும். வேலையிடத்துக் கேன்டீனில் பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். ஒரு வாய் நனைத்துக்கொண்டு மூடிவிடுவேன். அடுத்த காய்ச்சல் எப்போது வருமோ என்று பயமும் இருந்தது. பயந்துகொண்டே குடிக்காமல் இருந்தேன். அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

இந்த நேரத்தில்தான் மகள் அடிவயிறு வலிக்கிறது என்றாள். படிவம் இரண்டில் படிக்கிறாள், பதினாலு வயசு. அவளுடைய ஸ்கூல் பையைத் தூக்கினேன், கல்லாய்க் கனத்தது. உள்ளே தண்ணீர் பாட்டில், காலையில் நான் நிரப்பிக் கொடுத்தது, அப்படியே இருந்தது.

"ஏண்டி குடிக்கல?"

"ஸ்கூல் டாய்லெட் நாறும்மா. அதோட, கைதூக்கிக் கேட்டா கிளாஸே திரும்பிப் பாக்கும். மாலு லா, வெக்கமா இருக்கு."

"அதுக்காக? கிட்னி கெட்டுப்போனா என்ன பண்ணுவ?"

"நீங்க மட்டும் குடிக்கிறீங்களா?"

யேசுவே, என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நான் சேர்த்துவைத்த நகையைப் போல இந்தப் பழக்கத்தையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். ஆளுக்கொரு பாட்டில், சாயங்காலம் காலியாக வரவேண்டும், கீழே ஊற்றக்கூடாது.

மறுநாள் வேலையில் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு பாட்டிலைத் தொடவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் மகள் முகம் ஞாபகம் வந்தது. மடமடவென்று முழுவதையும் குடித்தேன். என் நேரம், வழியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று கவிழ்ந்து, குலைகள் ரோடெல்லாம் உருண்டு கிடந்தன. பஸ் ஊர்ந்தது, பிறகு நின்றேவிட்டது. சாவியும் இல்லாமல், கேட்டும் இல்லாமல், எனக்கு முட்டிக்கொண்டு வந்தது.

அடக்கிவிடலாம், ஒட்டகம்தானே நான். பல்லைக் கடித்தேன். முதுகில் அதே இடத்தில் சுருக்கென்றது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் தெரிந்தது. இப்போது அடக்கினால், மகளிடம் எந்த வாயால் பேசுவேன்?

"அண்ணே! அந்த பெட்ரோல் ஸ்டேஷன்ல கொஞ்சம் நிப்பாட்டுங்க!"

டிரைவர் அண்ணன் பதறிவிட்டார். "என்னம்மா, யாருக்காச்சும் மயக்கமா?"

"மயக்கமெல்லாம் இல்லண்ணே. டாய்லெட்டுக்குப் போவணும்."

உடனே பின்னாலிருந்து ஒரு குரல், "தண்ணி லோரி வருது, வழி விடுங்க!" சிரிப்பு வெடித்தது. காதெல்லாம் சூடேறியது. ஆனாலும் பஸ் ஊர்ந்து போய் ஓரமாக நின்றதும் இறங்கினேன்.

முடித்துவிட்டு டாய்லெட் கதவைத் திறந்தபோது, வெளியே வரிசை நின்றது. எங்கள் பஸ் பெண்கள், தமிழச்சிகளும் மலாய்க்காரிகளும் கலந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். முதல் ஆளாக அந்த வாய்க்கார அக்கா, கால்மாற்றிக் கால்மாற்றி நின்றாள்.

"நவுரு லா, என்னால முடியல. கூலிம்லேந்து அடக்கிட்டு வரேன்."

"நீங்களுமாக்கா?"

"தெனமும்தான்டி," என்று உள்ளே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது.

அடுத்த நாள் பாட்டில் காலி. எனக்குச் சந்தேகம். "உண்மையச் சொல்லு, ஊத்திட்டியா?"

"இல்லம்மா. கைதூக்கினேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னும் ரெண்டு பேரு கைதூக்கினாங்க."