நல்ல நேரத்தில் கிண்டிய கிடங்கு

ஜெயரூபன் பயந்தவர் என்று கொக்குவிலில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக நிலத்தடிக் கேபிள் புதைத்து, அறுந்ததை ஒட்டிப் பிழைக்கிற மனிதர். ஆனால் அன்று ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கைகால் ஓடவில்லை. உள்ளே அவருடைய மனைவி கனகாம்பிகையின் சிறுநீரகக் கட்டியை ஒரு றோபோ வெட்டிக்கொண்டிருந்தது. அதன் கைகளை ஆட்டுகிற டொக்டர் இருந்தது கொழும்பில். இரண்டுக்கும் நடுவில் ஜெயரூபன் புதைத்த கேபிள்.

லைன் அறுந்தால் இங்குள்ள டொக்டர் கையால் தொடர்வாராம். அதற்குள் எவ்வளவு இரத்தம் போகும் என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது மணிக்குத் தொடங்க வைத்ததும் அவர்தான். பஞ்சாங்கத்தில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை சுபநேரம். வாங்கில் இருந்த பிறகுதான் உறைத்தது: அதே சுபநேரத்தில்தான் கலியாண வீடுகளிலும் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றுவார்கள். அடுத்த ஒழுங்கை இராசநாயகத்தார் வீட்டிலும் இன்றைக்குத்தான். வளவின் வடகிழக்கு மூலையில் கிடங்கு கிண்டுவார்கள். அந்த மூலை முன்பு ஒழுங்கைப் பாதை; கேபிள் போனது அதன் கீழே. இராசநாயகத்தார் வருடத்துக்கு ஒரு சாண் வேலியைத் தள்ளித் தள்ளிக் கேபிளையே வளவுக்குள் எடுத்திருந்தார்.

போன் அடித்தார். கலியாண வீட்டில் யார் எடுப்பார்கள்? மோட்டார் சைக்கிளில் பறந்து போனபோது அங்கே ஒருவர் நிலத்தில் குத்த இரும்பு அலவாங்கை ஓங்கியிருந்தார்.

"அண்ணை, குத்த விடாதேங்கோ. கீழை கேபிள். அதாலைதான் இப்ப என்ரை மனிசிக்கு ஒப்பரேஷன் நடக்குது."

"நேரம் போகுது, ஜெயரூபன். மூலையை மாத்தேலாது," என்றார் இராசநாயகம். பிறகு ஜெயரூபனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அலவாங்கை வாங்கி நீட்டினார். "நீரே கிண்டும். உமக்குத்தானே இடம் தெரியும்."

ஜெயரூபன் அதைத் தொடவில்லை. முழந்தாளிட்டுத் தேங்காய்ச் சிரட்டையால் கிண்டினார். ஓரடி ஆழத்திலேயே கறுப்புக் குழாய் விரலில் தட்டியது. சுண்ணாம்புக் கல்லை உடைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அவ்வளவு மேலே புதைத்தவரும் அவரேதான். அரை முழம் தள்ளி இன்னொரு கிடங்கு கிண்டிக் கொடுத்தார்.

கால் ஊன்றி, பால் வார்த்து, எல்லோரும் எழும்பிப் போனார்கள். அவர் எழும்பவில்லை. குழாயின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். கலியாண வீட்டார் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்தார்.

"ஐயா, ஒப்பரேஷன் முடிஞ்சுது. அம்மா சுகமா இருக்கிறா," என்றாள் நேர்ஸ் பிள்ளை. "நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

அவர் குழாயின் மேல் இருந்த மற்றக் கையைப் பார்த்தார்.

"அப்ப நான் கையை எடுக்கலாமோ, பிள்ளை?" என்று கேட்டார்.