பாதியில் முறிந்த உபவாசம்

எங்க வூட்டுல வெள்ளிக்கிழமைன்னா கூட்டம். கச்சிராயபாளையத்துல பஸ்ஸை விட்டு எறங்கி, கரும்புக் கொல்லைங்களுக்கு நடுவுல நடந்து வந்து, செருப்பைக் கழட்டிட்டு வாசப் பந்தல்ல உக்காந்துடுவாங்க. கொழந்தை ஓயாம அழுவுதும்பாங்க, மாடு கன்னைக் கிட்ட சேர்க்க மாட்டேங்குதும்பாங்க, புருஷன் வேற வூட்டுக்குப் போறாம்பாங்க. வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு கொல்லை வேலை, கூலி வேலை செய்யிற சனம். நெத்தியில குங்குமத்தோட உக்காந்துக்கினு, நான் 'ஏசுவே'ன்னா அவங்களும் 'ஏசுவே'ம்பாங்க. ஒருத்தரும் மதம் மாறல, நானும் மாறச் சொல்லல. 'ஜெப மந்திரவாதி'ன்னு என்னைக் கிண்டலாக் கூப்பிடுவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள அதுல பெருமைதான், பொய் சொல்வானேன்.

மந்திரிக்கிறது எங்கப்பன் கிட்டயிருந்து வந்த தொழில். கல்வராயன் மலைக்கு ஏறி எறங்கி வேர் புடுங்கிக்கினு வருவாரு. தகடு எழுதறது, மை போடறது, செய்வினை எடுக்கறது எல்லாம் அவரைப் பாத்துப் பாத்து எனக்கும் வந்துடுச்சி. கூடவே குடியும் வந்துடுச்சி. குடின்னா சாதாரணக் குடி இல்ல, மந்திரிக்க உக்காந்த எடத்துலயே சாஞ்சி கெடப்பேன். என் பொண்டாட்டிதான் சங்கராபுரம் பக்கம் ஒரு சபைக்கு மொதல்ல போனவ. ஒரு நாளு என்னையும் இழுத்துக்கினு போனா. பாஸ்டர் என் தலைமேல கையை வெச்சாரு. கூட்டத்துக்கு நடுவுல, அவ்ளோ பெரிய ஆம்பள, விக்கி விக்கி அழுதேன். அன்னியோட குடி போச்சு. அதை இன்னிக்கும் எவன் வந்து பொய்யின்னு சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்.

அந்த மாசமே கோமுகி வாய்க்கால்ல முழுக்கி ஞானஸ்நானம் குடுத்தாங்க. தகடு, மை டப்பா, உடுக்கை எல்லாத்தையும் அதே தண்ணியில வுட்டுடணும்னு பாஸ்டர் சொன்னாரு. வுட்டுட்டேன். ஆனா சனங்களை வாய்க்கால்ல வுட முடியுமா? அவங்க பாட்டுக்கு வந்துக்கினே இருந்தாங்க. மொதல்ல வந்த ஒரு பொம்பள, கைக்கொழந்தையை மடியில போட்டுக்கினு உக்காந்தா. ஏசு பேரைச் சொல்லி நல்லா உருக்கமா ஜெபிச்சி அனுப்பினேன். அவ எழுந்திரிக்கல. 'கையில ஒண்ணும் குடுக்கலியே'ன்னு என் மூஞ்சையே பாத்தா. எனக்கும் இன்னாவோ மாதிரி ஆயிடுச்சி. ஒரு கறுப்புக் கயித்தை எடுத்து, பிதாவுக்கு ஒண்ணு, சுதனுக்கு ஒண்ணு, பரிசுத்த ஆவிக்கு ஒண்ணுன்னு மூணு முடிச்சுப் போட்டுக் கொழந்தை கையில கட்டினேன். அவ சந்தோஷமாப் போனா. கொழந்தைக்கும் சரியாப் போச்சு.

அப்புறம் எலுமிச்சம்பழம் வந்துச்சி. அடி விட்டுப் போவாம நாலாப் பொளந்தா அதுவே சிலுவைதானேன்னு எனக்குத் தோணிச்சி. குங்குமத்துக்கு பதிலா ஜெபிச்ச எண்ணெயைத் தடவினேன். அப்புறம் தகடும் வந்துச்சி. பழைய கட்டமும் எழுத்தும் இல்ல, நடுவுல சிலுவை, நாலு மூலையிலயும் ஆண்டவர் பேரு. பாஸ்டர் காதுக்கு விஷயம் போயி வூட்டுக்கே வந்தாரு. 'நீ ஏசுவை வேலைக்கு வெச்சிக்கினு இருக்கிற'ன்னு சொல்லிட்டு, இனிமே சபைக்கு வராதன்னுட்டாரு. எனக்கு வந்துச்சி பாரு கோவம். போய்யா, உன் சபையில எத்தினி பேருக்குச் சுகமாச்சு, என் பந்தல்ல எத்தினி பேருக்குச் சுகமாச்சு, பாத்துடலாமான்னு கேட்டேன். அந்த மனுஷன் செருப்பை மாட்டிக்கினு போயிட்டாரு.

எங்களுக்கு ஒரே பொண்ணு. கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்துல ஒம்பதாவது படிச்சிக்கினு இருந்தா. வாயாடி. நான் ஜெபிக்கிற மாதிரியே கண்ணை மூடிக்கினு, தலையை ஆட்டி ஆட்டி நடிச்சிக் காட்டுவா, அவங்கம்மா வாயைப் பொத்திக்கினு சிரிப்பா. ஒம்பதாவது சேர்ந்த புதுசுல திடீர்னு எளைக்க ஆரம்பிச்சா. கொடம் கொடமாத் தண்ணி குடிச்சா. பள்ளிக்கூடத்துலயே மயங்கி வுழுந்தா. ஆஸ்பத்திரியில சக்கரைன்னாங்க. இந்த வயசுல ஏதும்மா சக்கரைன்னு நான் சண்டைக்கே போனேன். கொழந்தைங்களுக்கும் வரும், மாத்திரை கேக்காது, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு ஊசி போட்டுக்கினே இருக்கணும்னாங்க. எவ்ளோ நாளைக்குன்னு கேட்டேன். ஆயுசுக்கும்னாங்க.

நர்ஸம்மா எங்க மூணு பேரையும் உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தாங்க. ஒரு அட்டையில எழுதியும் குடுத்தாங்க. 'சாப்பிடாம ஊசி போடக்கூடாது'ன்னு அவங்க சொன்னது எனக்கு நல்லா மண்டையில ஏறிச்சி. அதுக்கு மேல இன்னா சொன்னாங்கன்னு கேட்டா, அப்ப நான் ஜன்னலைப் பாத்துக்கினு இருந்தேன். அட்டையை வூட்டுக் கூரை எறவானத்துல சொருவினதோட சரி. எங்க வூட்டுல ஃப்ரிட்ஜ் கெடையாது. ஈர மணல்ல மண்பானையைப் புதைச்சி, மருந்து புட்டியை அதுக்குள்ள என் பொண்டாட்டி பத்திரமா வெச்சிருந்தா. வேளை தவறாம அவதான் போடுவா. கொஞ்ச நாள்ல பொண்ணு ஒடம்பு தேறிடுச்சி, மறுபடியும் என்னை நடிச்சிக் காட்ட ஆரம்பிச்சிட்டா.

எனக்குத்தான் ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்துல ஒரு பொம்பள வெள்ளந்தியாக் கேட்டுட்டா: ஊருக்கெல்லாம் ஊசி மருந்து இல்லாம சுகமாக்குறீங்களே, பாப்பாவுக்கு மட்டும் ஏன் ஊசி போடுறீங்கன்னு. பந்தல்ல அத்தினி பேரும் என்னைப் பாத்தாங்க. நான் இன்னாவோ சொல்லிச் சமாளிச்சேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நான் எடுத்துப் போட்ட ஏதோ ஒரு செய்வினைதான் திரும்பி என் வூட்டுக்குள்ளயே வந்துடுச்சின்னு முடிவு பண்ணினேன். ஊசி அதைத் தட்டிக் குடுத்துத் தூங்க வெச்சிக்கினு இருக்குது, வெளிய தொரத்தல. இதான் என் கணக்கு. காலாண்டு லீவுல மூணு நாள் உபவாசம், மூணு பேரும் பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடக்கூடாது, மூணாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு முடிக்கிறதுன்னு சொன்னேன். பொண்ணு கிட்டக் கேட்டேன். அவ தொடையைத் தடவிக்கினே, 'சரிப்பா. போட்டுப் போட்டு கட்டிகட்டியா இருக்குது'ன்னா.

மொத நாள் காலையில என் பொண்டாட்டி பானையிலயிருந்து புட்டியை எடுத்துக்கினு வந்து நின்னா. ஊசியாவது போட்டுடலாமான்னு கேட்டா. சாப்பிடாம போடக்கூடாதுன்னு அந்த நர்ஸம்மா வாயாலயே சொன்னாங்களே, மறந்துட்டியான்னு அதட்டினேன். ஆமால்லன்னு அவளும் தலையை ஆட்டிக்கினு புட்டியைத் திரும்பப் பானையில வெச்சிட்டா. டாக்டர் சொல்லும் ஆண்டவர் சொல்லும் ஒண்ணாவே அமைஞ்சிடுச்சின்னு எனக்கு அப்ப அவ்ளோ நிம்மதி. நாலு மூலையிலயும் தகடு வெச்சேன், பழம் பொளந்தேன், பொண்ணு ரெண்டு கையிலயும் கயிறு கட்டினேன். அன்னிக்குப் பூரா ஜெபிச்சோம். அவ தண்ணி மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிச்சா.

ரெண்டாவது நாள் வாந்தி எடுத்தா. வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துக்கினா. என் பொண்டாட்டிக்குக் கை கால் ஓடல. எனக்கோ சந்தோஷம். ஆமாங்க, சந்தோஷம். எங்க தொழில்ல, சோத்துல வெச்ச மருந்து இப்பிடித்தான் வாந்தியா வெளிய வரும். எத்தினி பேருக்கு எடுத்திருக்கேன்! வாந்தியைக் குச்சியால கிளறிப் பாத்தேன், ஏதாவது மயிரு, கரித்துண்டு கெடைக்குமான்னு. ஒண்ணும் இல்ல, வெறும் தண்ணி. இன்னும் வரணும்னு பொண்டாட்டி கிட்ட சொன்னேன்.

மூணாவது நாள் காலையில அவ மூச்சு மாறிடுச்சி. ஓடிக் களைச்ச மாதிரி, படுத்த படுக்கையிலயே ஆழமா இழுத்து இழுத்து வுட்டா. கிட்டப் போனா வாயிலயிருந்து பழுத்த பழ வாசனை. புடிச்சிருக்கிறது ஒடம்பை விட்டு எறங்கப் போவுதுன்னா மொதல்ல வாசனைதான் வரும்னு எங்கப்பன் காலத்துலயிருந்து கணக்கு. பூவா இருக்கும், இல்ல பழமா இருக்கும். தோ வந்துடுச்சின்னு அவ தலைமயிரைக் கொத்தாப் புடிச்சி உக்கார வெச்சேன். எண்ணெயை நெத்தியில தேச்சேன். ஏசுவோட நாமத்துல கேக்குறேன், யாரு நீ, சொல்லுன்னு கத்தினேன்.

"நான்தாம்பா," ன்னா. "தண்ணி குடுப்பா."

எங்க தொழில்ல அதுவும் ஒரு கணக்கு. புடிச்சிருக்கிறது அந்த ஆளோட கொரல்லயேதான் பேசும், அழும், தண்ணி கேக்கும். எரக்கப்பட்டா மறுபடியும் உள்ள போயி உக்காந்துக்கும். அதனால தண்ணி குடுக்கல. யாரு நீ, சொல்லுன்னு மறுபடியும் கேட்டேன். எத்தினி வாட்டி கேட்டேன்னு தெரியல. அவ ஒவ்வொரு வாட்டியும் அதையேதான் சொன்னா, கொரலு மட்டும் கம்மியாயிக்கினே வந்துச்சி. அப்புறம் சொல்றதை நிறுத்திட்டா. என் பொண்ணு கேட்ட ஒரு சொம்புத் தண்ணியை நான் குடுக்கலைங்க. இதை நான் யார் கிட்டயும் சொன்னதில்ல.

உச்சிப் பொழுதுக்கு அவ கண்ணு பாதி தெறந்து நின்னுடுச்சி. கன்னத்துல தட்டினேன், அசைவில்ல. அப்பதான் எனக்குள்ள மந்திரவாதியும் செத்தான், ஜெபக்காரனும் செத்தான், அப்பன் மட்டும் மிச்சமானான். பொண்ணைத் தூக்கித் தோள்ல போட்டேன். என் பொண்டாட்டி வாசப்படியில குறுக்க நின்னா. ஆறு மணி நேரம்தான் இருக்குது, இவ்ளோ தூரம் வந்துட்டு விசுவாசத்தை வுடாதீங்கன்னு காலைப் புடிச்சிக்கினா. அந்த விசுவாசத்தை அவளுக்குக் குடுத்ததே நான்தான். காலை உதறிட்டு, தெருவுல நின்ன லோடு ஆட்டோவுல ஏறினேன். அவளும் அழுதுக்கினே பின்னால ஏறினா.

கள்ளக்குறிச்சி போறதுக்குள்ள ரெண்டு வாட்டி மூச்சு நின்னு நின்னு வந்துச்சி. ஆஸ்பத்திரியில சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க, கட்டில் கிட்ட வர்றப்பவே வாசனையை வெச்சிக் கண்டுபுடிச்சிட்டாங்க. கடைசியா எப்ப ஊசி போட்டீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். அவங்க என்னை ஒண்ணும் திட்டல. ஓடி ஓடி என்னென்னவோ பண்ணினாங்க. மறுநாள் காலையில என்னை மட்டும் வராண்டாவுக்குக் கூப்பிட்டாங்க. என் பொண்டாட்டி அப்ப வெளிய மரத்தடியில முழங்கால் போட்டுக்கினு இருந்தா.

போயிடுச்சின்னு சொன்னாங்க. நான் செவுத்தைப் புடிச்சிக்கினு, ஏம்மா, இன்னா ஆச்சுன்னு கேட்டேன். ஊசி மருந்து இல்லாததால ரத்தமே புளிச்சுப் போச்சு, அந்த வாந்தி, அந்த மூச்சு, அந்த வாசனை எல்லாம் அதுதான்னாங்க. நர்ஸம்மா சாப்பிடாம போடக்கூடாதுன்னாங்களேன்னு இழுத்தேன். அவங்க மெதுவாச் சொன்னாங்க: "சாப்பிட முடியலைன்னா, வாந்தி எடுத்தா, ஊசியை அடியோட நிறுத்தாதீங்க, உடனே இங்க வாங்கன்னு அட்டையிலயே எழுதியிருக்குதுங்களே. வாந்தி எடுத்த அன்னிக்கே வந்திருந்தாக் கூடப் பொழைச்சிருக்கும்."

வெளிய வந்து, பாப்பா போயிட்டான்னு மட்டும் பொண்டாட்டி கிட்ட சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவ என்னை முந்திக்கினா. நெஞ்சுல அடிச்சிக்கினே, ஆறு மணி நேரம் பொறுக்க முடியலியா உனக்கு, ஆண்டவர் தொட வந்த நேரத்துல கொண்டாந்து இங்க போட்டுக் கொன்னுட்டியேன்னு அழுதா. கல்யாணமாயி அவ்ளோ வருஷத்துல அவ என்னை 'நீ'ன்னு சொன்னது அன்னிக்குத்தான். மொத நாள் காலையில புட்டியோட வந்து நின்னவ அவ. அதைத் திரும்பப் பானையில வெக்கச் சொன்னவன் நான். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னா அவ உசுரோட இருப்பாளா, இல்ல என்னைத்தான் உசுரோட வுடுவாளா? அவளுக்காகத்தான் மறைச்சேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கினேன். அது பொய். பயந்துதான் மறைச்சேன்.

எறவானத்துலயிருந்து அந்த அட்டையை எடுத்து அடுப்புல போட்டவனும் நான்தான். தொழிலை வுட்டுட்டேன். வர்றவங்களை ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிப் பாத்தேன். உபவாசத்தைப் பாதியில முறிச்சவன், வரம் போயிடுச்சி, அதான் இப்பிடிப் பேசுறான்னு சொல்லிட்டு, என்னைத் தாண்டிப் போயி என் பொண்டாட்டி முன்னால உக்காந்துக்கினாங்க. இப்ப பந்தலு அவளோடது. கயிறு கட்டுறா, பழம் பொளக்குறா, எனக்குப் பதினஞ்சு வருஷத்துல வந்த கூட்டத்தை விட ஜாஸ்தியா வருது. நான் பாய் விரிக்கிறேன், செருப்பைத் தள்ளி வைக்கிறேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசியா எல்லாரையும் முழங்கால் போடச் சொல்லுவா. கண்ணை மூடிக்கினு, அழுகையை அடக்கிக்கினு சத்தமா ஜெபிப்பா. ஆண்டவரே, விசுவாசம் இல்லாம பொண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போன பாவத்தை என் புருஷனுக்கு மன்னிச்சிடுங்கன்னு கேப்பா. பந்தல்ல இருக்கிற அத்தினி பேரும் என்னைப் பாவமாப் பாப்பாங்க. நான் தலையைக் குனிஞ்சிக்கினு, எல்லாருக்கும் முந்தி, சத்தமா ஆமென்னு சொல்லுவேன்.