வளைவில் வாய் திறந்த நாள்

ஸ்டாக் கார் பந்தயத்தில் நான் ஆறு வருடம் க்ரூ சீஃப். காரை ஓட்டுபவர் வேறு. எப்போது டயர் மாற்றுவது, எவ்வளவு பெற்றோல் நிரப்புவது என்று வெளியே நின்று முடிவெடுத்து, ரேடியோவில் அவருக்குச் சொல்பவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்ததும் நான்தான் முதலில், கல்லூரிக்குப் போனதும் நான்தான் முதலில். என் கல்லூரிச் சான்றிதழை அம்மா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளையாரைக் கும்பிட்டால் என் வாகனப் பொறியியலையும் சேர்த்தே கும்பிட வேண்டும்.

சென்ற வசந்தத்தில் எங்கள் முதலாளி ஓய்வு பெற்று அணியை மூடிவிட்டார். சில வாரங்களில் எங்கள் நகரின் அஜின்கோர்ட் பகுதியில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்த் தொலைக்காட்சியில் இருந்து கூப்பிட்டார்கள். பந்தயங்களைத் தமிழில் வர்ணனை செய்ய ஆள் தேவையாம். ஒரு ஞாயிறு மத்தியானம் நேரலையில் பரீட்சை. சரியாகச் செய்தால் பந்தயப் பருவம் முழுக்க அந்த வர்ணனையாளர் கதிரை எனக்கு. சொதப்பினால் வேறு ஆள். எனக்கு அந்தக் கதிரை வேண்டும். தமிழில் இதைச் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை என்று நிச்சயமாக நம்பினேன்.

அன்று என்னோடு வர்ணனை செய்ய இருந்த அண்ணை கிரிக்கெட் வர்ணனைக்காரர். மூச்சு விடாமல் பேசுவார். கார்கள் கிளம்பின, நானும் உற்சாகமாகத் தொடங்கினேன். இருபது சுற்று போயிருக்கும். தயாரிப்பாளர் அன்ரியின் குரல் காதுக்குள் கேட்டது.

“பிள்ளை, வாயில என்ன கொழுக்கட்டையே? பாதி நேரம் உம்மட சத்தத்தையே காணேல்லை.”

பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்? விளம்பர இடைவேளையில் பதிவைப் போட்டுக் காட்டினார். நேர்ப் பாதையில் கார்கள் வரும்போது பொரிந்து தள்ளுகிறேன். வளைவுக்குள் அவை நுழைந்ததும் யாரோ பொத்தானை அழுத்தியதுபோல் நிறுத்திவிடுகிறேன். முட்டை வடிவப் பந்தயப் பாதையில் பாதி வளைவுதான்!

ஆறு வருடப் பழக்கம். வளைவில் ஓட்டுநரின் காதில் குரல் விழக்கூடாது. அங்கே கவனம் சிதறினால் சுவர்தான். அதைச் சொன்னதும் அண்ணை கதிரையோடு பின்னால் சாய்ந்து சிரித்தார்.

“டீவியில இருந்துகொண்டு அங்க கார் ஓடுற பெடியனைக் குழப்பக் கூடாதெண்டு பாக்கிறா!”

“அவனுக்கு நீர் கதைக்கிறது கேக்கவும் கேக்காது, கேட்டாலும் விளங்காது,” என்றார் அன்ரி. “வளைவுக்குள்ள எதை அப்பிடி உத்துப் பாக்கிறீர்? அதைச் சொல்லும். இல்லையெண்டா அடுத்த கிழமைக்கு நான் வேற ஆளைப் பாக்க வேணும்.”

இடைவேளை முடிந்தது. முதல் வளைவில் பழையபடி நிறுத்திவிட்டேன். இரண்டாவதில் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“முன்னுக்குப் போற காரைப் பாருங்கோ. அவர் ஸ்டியரிங்கைத் திருப்புறார், கார் திரும்ப மாட்டனெண்டுது. வலது முன் டயர் தேய்ஞ்சிட்டுது. தேய்ஞ்ச செருப்போட ஈர நிலத்தில திரும்பிப் பாருங்கோ, அதுதான் இது. கெதியில, ரெண்டு மூண்டு சுற்றுக்குள்ள, சுவர்ப் பக்கம் விலகுவார், பின்னால வாறவர் உள்ளால பூந்திடுவார்.”

அதிலிருந்து மூன்றாவது சுற்றில் அப்படியே நடந்தது. அண்ணை மேசையில் ஓங்கித் தட்டினார். அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்: “தங்கச்சி, எனக்கும் கொஞ்சம் விடுமன்!”

அன்ரி அங்கேயே தீர்ப்புச் சொன்னார். நேர்ப் பாதை அண்ணைக்கு, வளைவுகள் எனக்கு. “அடுத்த ஞாயிறு பன்ரெண்டுக்கு வந்திடும். பருவம் முடியும்வரைக்கும் உமக்கு இதுதான் வேலை.”

வாகனத் தரிப்பிடத்தில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். வாழ்நாளில் ஒரு பந்தயமும் பார்க்காத மனுசி, முழுவதையும் பார்த்திருக்கிறார். வேலை கிடைத்ததைச் சொல்லி முடிக்கவில்லை, குறுக்கே விழுந்தார்.

“அது கிடைக்கும்தானே. அந்தப் பெடியன் ஏன் முதலே டயரை மாத்தேல்லை? அவனுக்குச் சொல்லக் கில்ல ஒருத்தரும் இல்லையே?”

ஆறு வருடமாக நான் செய்த வேலையே அதைச் சொல்வதுதான் என்று காருக்குள் இருந்தபடியே அரை மணி நேரம் விளக்கினேன்.