கிளிக்கு விழுந்த புளியங்கொட்டைகள்

என் சித்தப்பா ஏமாற்றுக்காரர். சொந்தம் என்பதற்காகப் பூசி மெழுக மாட்டேன். அப்போது நாலாவது படித்த என்னையும் எங்கள் தெருவையும் சேர்த்தே ஏமாற்றினார்.

விருத்தாசலத்தில் அவருக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. மாசி மகத்தில் கடை போட்டு விற்கப் புதுசாக ஓர் உண்டியல் செய்ய வேண்டும். அவருக்குப் பஸ் வடிவம் பிடித்தது. சித்திக்கும் எனக்கும் கிளி. ஒன்றுக்குத்தான் அச்சு எடுக்க வசதி. தப்பானதைச் செய்தால் ஒரு சூளைச் சரக்கும் வீட்டிலேயே கிடக்கும்.

ஜனங்களைக் கேட்போம் என்றார். இரண்டையும் தாளில் வரைந்து, என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் காபி கொடுத்து, "ரெண்டுமே நல்லாருக்குதுங்க" என்றார்கள். எட்டு காபி குடித்துத் திரும்பியவரைப் பார்த்துச் சித்தி சிரித்தாள்.

"மூஞ்சிக்கு நேரா கேட்டா யாரு நல்லால்லன்னு சொல்லுவாங்க? உங்களப் பொண்ணு பாக்கக் கூட்டியாந்தப்ப என்னையும் அப்படித்தான் கேட்டாங்க."

அப்புறம் சித்தி சொன்னபடி செய்தோம். களிமண்ணில் ஒரு பஸ், ஒரு கிளி. இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு சொம்பு. முன்னால் புடவைத் திரை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெருவே வரிசையில் நின்றது.

"மாமா, நீங்க வர்றது இது மூணாந்தடவ" என்றாள் சித்தி.

"பஸ்ஸ சரியா பாக்கலம்மா" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

சொம்புகளை நான்தான் உள்ளே தூக்கிப் போனேன். கிளிச் சொம்புதான் கனத்தது. சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார். "முடிவ மகத்தன்னிக்குக் கடையிலதான் சொல்லுவேன்" என்றார். அதுவரை தெருவில் பஸ் கட்சிக்கும் கிளிக் கட்சிக்கும் ஓயாத சண்டை.

மகத்தன்று மொத்தத் தெருவும் கடை முன்னால். சித்தப்பா துணியை உருவினார். அத்தனையும் பஸ்! பஸ் கட்சி விசிலடித்தது. கிளிக் கட்சி திட்டித் தீர்த்தது. திட்டிக்கொண்டே ஆளுக்கொன்று வாங்கியது. பொழுது சாய்வதற்குள் கடை காலி. நான் கிளியை மறந்து, கடைசி பஸ்ஸைக் கட்டிக்கொண்டு, சித்தப்பா தோளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினேன். அப்படியொரு சந்தோஷம்.

அச்சு காய்ந்து, வார்த்து, சுட்டு, வண்ணம் பூசப் பல வாரம் ஆகும். கொட்டை எண்ணி ஆறாம் நாள் திருவிழா. இது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அவர் கேட்டது பதிலுக்காக இல்லை, தெருவைக் கடைக்கு வரவைக்க. சித்திக்கும் தெரியுமோ என்னவோ, இத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் சிரிக்கிறாள்.

அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். அதே தெரு ஜனங்கள் வருவார்கள், மேடையில் மைக்கும் இருக்கும். சித்தப்பா, எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: கிளிக்கு எத்தனை கொட்டை விழுந்தது?